பழைய வர்ணமும் காரீய விஷமும்

தாராபுரம் தாலுகாவின் தோட்டத்துச் சாளைகளில் மார்கழி பிறந்ததும் வீட்டைப் புதுப்பிக்கும் வேலை தொடங்குவது வழக்கம். பட்டிப் பொங்கலுக்கு முன்பாகச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, கதவு நிலைகளுக்கும் ஜன்னல்களுக்கும் எண்ணெய் வர்ணம் தீட்டி, கட்டுத்தறியின் இரும்புக் குழாய்களையும் தோட்டத்துக் கேட்டையும் புதிதாக்கி விடுவார்கள். புது வர்ணம் நன்கு பிடிக்க வேண்டும் என்று பழைய வர்ணத்தை உப்புத்தாளால் தேய்த்து உதிர்ப்பதும், உளுத்துப்போன பழைய கதவையும் பெட்டியையும் பிளந்து அடுப்புக்கு விறகாக்குவதும் இத்துடன் சேர்ந்து நடப்பவை. இவ்விரண்டு வேலைகளும் பார்வைக்குத் தீங்கற்றவை. எனினும் பழைய எண்ணெய் வர்ணத்தில் காரீயம் கலந்திருக்குமாயின், அதனைத் தூளாக்குவதும் எரிப்பதுமே குழந்தைக்கும் கன்றுக்கும் விஷமூட்டும் வழிகளாகி விடுகின்றன. அவ்வர்ணத்தை எங்ஙனம் அறிந்து, எங்ஙனம் கையாள வேண்டும் என்பதைக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

வெள்ளீயமும் காரீயமும்

ஈயம் என்ற ஒரே பெயரால் இரண்டு உலோகங்கள் நம் நாட்டில் வழங்கி வருகின்றன. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசும் ஈயமும் வெள்ளீயமாக இருத்தல் வேண்டும். வெள்ளீயம் சமையலுக்குத் தீங்கு செய்வதன்று. பாட்டரித் தகடு, மீன்வலையின் குண்டு, துப்பாக்கி ரவை முதலியவற்றில் உள்ளது காரீயம். இது கனமானது, மெத்தென்றது, விஷத்தன்மையுடையது. இக்கட்டுரையில் கூறப்படுவது முழுவதும் காரீயத்தைப் பற்றியதே. விலை மலிவை நாடி வெள்ளீயத்துடன் காரீயத்தைக் கலந்து பாத்திரத்துக்குப் பூசுவதும் உண்டாகையால், பூச்சு வேலைக்காரர் கொண்டுவரும் ஈயம் எத்தகையது என்பதை இல்லத்தார் விசாரித்துக் கொள்வது நன்று.

வர்ணத்தில் காரீயம் சேர்ந்த காரணம்

காரீயம் தற்செயலாக வர்ணத்தில் கலந்ததன்று. குணம் கருதியே சேர்க்கப்பட்டது. காரீயத்திலிருந்து செய்யும் வெண்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசினால், மரத்தை நன்கு மூடி, மழைக்கும் வெயிலுக்கும் நெடுநாள் தாங்கும். காரீயச் செம்பொடியை இரும்பின்மேல் பூசினால் துரு ஏறாது. காரீயமும் குரோமியமும் சேர்ந்த உப்புக்கள் பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் தரும். அம்மஞ்சளுடன் நீலம் கலந்தால் பச்சை. இவையன்றி, வர்ணம் விரைவில் உலர்வதற்காகச் சேர்க்கும் சரக்குக்களிலும் காரீயம் இருந்தது. ஆகவே மிகப் பழைய சாமான்களில் வெள்ளை வர்ணமும், பிற்காலத்துச் சாமான்களில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை வர்ணங்களும் முதன்மையாகச் சந்தேகிக்கத் தக்கவை.

சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பிலும், திண்ணை ஓரத்தில் தீட்டும் காவியிலும் இவ்வச்சம் இல்லை. சுண்ணாம்பு கிளிஞ்சலிலிருந்தோ சுண்ணாம்புக் கல்லிலிருந்தோ வருவது. காவியின் நிறம் இரும்பின் துருவினால் ஆனது. ஆகையால் பழைய வீடு முழுவதையும் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. எனாமல் என்று வழங்கும் பளபளப்பான எண்ணெய் வர்ணம் பூசிய மரத்தையும் இரும்பையுமே கவனிக்க வேண்டும். கதவு, நிலை, ஜன்னல், தூண், ஊஞ்சல் பலகை, மரத்தொட்டில், நடைவண்டி, பொம்மை, தானியப் பெட்டி, இரும்பு டிரங்குப் பெட்டி, கட்டில், பழைய தறிச் சட்டங்கள், மாட்டு வண்டியின் சக்கரமும் பாரும், பம்புசெட்டு, கேட்டு ஆகியவை இவ்வகையின.

பிற தேசத்தாரின் அனுபவம்

வர்ணத்தால் குழந்தைகள் நோயுறுவதை முதன் முதல் தெளிவாகக் கண்டவர்கள் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்து வைத்தியர்கள். அம்மாகாணமும் நம் பகுதியைப் போல் வெயில் மிகுந்தது. அங்குள்ள மரவீடுகளின் தாழ்வாரங்களில் வெள்ளை வர்ணம் பூசிய கிராதிகள் இருந்தன. பிரிஸ்பேன் நகரத்துக் குழந்தைகளிடம் காரீய நஞ்சு காணப்படுவதை 1892-ம் வருஷத்தில் அவ்வூர் வைத்தியர்கள் வெளியிட்டனர். அதன் மூலம் எதுவென்பது பல வருஷங்கள் புலப்படவில்லை. 1904-ல் லாக்ஹார்ட் கிப்ஸன் என்ற கண் வைத்தியர், வெயிலில் பொடிந்துபோன கிராதி வர்ணமே காரணம் என்று எடுத்துரைத்தார். குழந்தைகள் கிராதியைப் பிடித்து விளையாடி, பொடி ஒட்டிய விரலை வாயில் வைத்தனர், நகத்தைக் கடித்தனர், நஞ்சு உட்சென்றது. 1922-ல் அம்மாகாணத்தார் குழந்தைகளுக்கு எட்டும் இடங்களில் காரீய வர்ணம் பூசலாகாது என்று சட்டம் செய்தனர்.

1921-ல் ஜினீவா நகரில் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடு, கட்டிடங்களின் உட்புறத்துக்குக் காரீய வெள்ளை பூசுவதைத் தடுக்கும் உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1978-ல் வீட்டு வர்ணங்களில் காரீயத்தைத் தடை செய்தன. இந்தியாவிலோ மத்திய அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் இலாகா 2016 நவம்பர் 1-ந் தேதியன்றுதான் இதற்கான விதிகளை வெளியிட்டது. அவை ஒரு வருஷம் கழித்து, 2017 நவம்பரில் அமலுக்கு வந்தன. அவ்விதிகளின்படி வீட்டு வர்ணத்திலும் அலங்கார வர்ணத்திலும் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது. குவீன்ஸ்லாந்தின் சட்டத்துக்கும் நமது விதிக்கும் இடையே 94 வருஷங்கள் சென்றன. அவ்வளவு காலமும் பூசப்பட்ட வர்ணம் நமது கதவிலும் தொட்டிலிலும் அடுக்கடுக்காக இன்னும் இருக்கின்றது என்பதே கவனிக்கற்பாலது. புது டப்பாவைத்தான் விதி கட்டுப்படுத்தியது. பழைய கதவை அது தொடவில்லை.

உடலில் செய்யும் கெடுதி

உடலுக்குக் காரீயத்தால் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. எவ்வளவு சிறிய அளவும் தீங்கற்றது என்று சொல்ல இயலாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் முடிவு. உட்சென்ற காரீயம் இரத்தத்தில் சில வாரங்கள் நின்று, பின்னர் எலும்பில் படிந்து பல வருஷங்கள் தங்குகிறது. பெண்கள் கருவுற்ற காலத்தில் எலும்பிலிருந்து மீண்டும் இரத்தத்தில் கலந்து, கருவிலுள்ள சிசுவையும் அடைகிறது.

பெரியவர்களுக்கு இரத்தக் கொதிப்பு, மூத்திரக்காய்க் கோளாறு, வயிற்றுவலி, கைகால் தளர்ச்சி ஆகியவை நேரும். பல வருஷங்கள் வர்ண வேலை செய்தவர்களுக்கு மணிக்கட்டு தொங்கிவிடுவதை முற்காலத்து வைத்தியர்களே எழுதி வைத்துள்ளனர். குழந்தைகளுக்கு நேரும் கெடுதியோ இதனினும் பெரிது. உண்ணும் காரீயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கு குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. மூளை வளரும் பருவமாகையால் அறிவு மந்தம், கவனக் குறைவு, படிப்பில் பின்தங்குதல், இரத்தசோகை ஆகியவை உண்டாகும். மூளைக்கு நேர்ந்த இக்குறை பின்னர் மருந்தால் மீளுவதில்லை. பெரும்பாலும் வெளிக்குறி எதுவும் தோன்றாமலே இக்கெடுதி நடந்துவிடுவதால், பெற்றோர் காரணத்தை அறிய வழியில்லை.

நம் நாட்டில் இது அரிதான செய்தியன்று. பெங்களூரிலிருந்து பணியாற்றிய ஜார்ஜ் ஸ்தாபனத்தார் சென்னை, வேலூர் உட்பட ஏழு நகரங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து 1999-ல் முடிவுகளை வெளியிட்டனர். பாதிப் பேருக்கு மேல் அக்காலத்து எச்சரிக்கை அளவாகிய டெசிலிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட காரீயம் காணப்பட்டது. அப்போது பெட்ரோலிலும் காரீயம் கலந்திருந்தது. 2000-ம் வருஷத்தில் அது நீக்கப்பட்டது. பெட்ரோல் நீங்கியும் துன்பம் முற்றும் நீங்கவில்லை. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஸ்தாபனமும் பியூர் எர்த் என்ற சங்கமும் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகத்தில் ஏறக்குறைய 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் உள்ளது. அவர்களுள் 27 கோடிக்கு மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள். பாட்டரி உடைக்கும் தொழில், கலப்படமான மசாலாப் பொடி, தரங்கெட்ட பாத்திரம் எனக் காரணங்கள் பலவாயினும், குடும்பத்தார் தம் கையால் உடனே தடுக்கக் கூடியது பழைய வர்ணமே.

அளவை மனத்தில் கொள்ள ஒரு சிறு கணக்கு உதவும். பழைய எனாமலில் நூற்றுக்கு ஒரு பங்கு காரீயம் இருப்பதாகக் கொள்வோம். இதனினும் பன்மடங்கு மிகுந்த வர்ணங்களும் இருந்தன. அவ்வர்ணத்தில் பத்து மில்லிகிராம் எடையுள்ள ஒரு செதிலில், அதாவது சில கடுகின் எடையில், 100 மைக்ரோகிராம் காரீயம் அடங்கும். குழந்தை ஒரு நாளில் உணவின் வழியாக உட்கொள்ளும் காரீயம் 2.2 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தார் 2022-ல் வரம்பு குறித்துள்ளனர். அச்சிறு செதில் 45 நாட்களின் வரம்பை ஒரே வாயில் தந்துவிடும்.

கால்நடைக்கு நேரும் ஆபத்து

காங்கயம் இனத்து மாடுகளைப் பேணி வளர்க்கும் இப்பகுதியாருக்கு இவ்விஷயம் மற்றொரு வகையிலும் முக்கியமானது. கால்நடைகளுக்கு நேரும் விஷங்களுள் காரீயம் உலகமெங்கும் அடிக்கடி காணப்படுவது; அதற்குப் பழைய பாட்டரியும் வர்ணமுமே பெருங் காரணங்கள். மாடு எதையும் நாவால் நக்கிப் பார்க்கும் இயல்புடையது. கன்றுகள் பாலுக்கு ஏங்கும் பருவத்தில் கேட்டையும் கட்டுத்தறிக் கம்பத்தையும் ஓயாமல் நக்கும். மேய்ச்சலில் தாது உப்புக் குறைந்தால் இவ்வழக்கம் இன்னும் மிகும். கொறங்காட்டின் கிளுவை வேலி ஓரத்தில் எறியப்பட்ட வர்ண டப்பாவும், உடைந்த பாட்டரியும் மேயும் மாட்டின் நாவுக்கு எட்டும் இடத்திலேயே கிடக்கின்றன.

கன்றின் உடல் எடையில் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வரை காரீயம் ஒரே முறையில் உட்சென்றால் மரணம் நேரும் என்பது கால்நடை வைத்திய நூல்களின் கணக்கு. 40 கிலோ எடையுள்ள கன்றுக்கு ஏறக்குறைய 16 கிராம் போதும். காரீயப் பொடி கனமானதாகையால், நெடுநாள் வைத்த டப்பாவின் அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். அவ்வண்டலில் இவ்வளவு காரீயம் இருத்தல் எளிது.

விஷம் கண்ட கன்று தீனியை வெறுக்கும். பல்லை நறநறவென்று கடிக்கும். கண் தெரியாமல் சுவரில் முட்டி நிற்கும். தலையைச் சுவரில் அழுத்தும். உடல் நடுங்கி வலிப்புக் காணும். சில சமயம் எந்தக் குறியும் தெரியாமலே காலையில் இறந்து கிடக்கும். இதனைப் பாம்பு தீண்டியதாகவோ, வெறிநோயாகவோ கருதிவிடுவது உண்டு. இக்குறிகள் தோன்றினால் நாட்டு மருந்து புகட்டிக் காலம் கழிக்காமல் கால்நடை வைத்தியரை உடனே அழைத்து, மாடு எதை நக்கியது என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கண்டால் காரீயத்தை வெளியேற்றும் ஊசி மருந்து உண்டு.

இறவாமல் தப்பிய பசுவும் கவனத்துக்குரியது. காரீய உருக்காலையின் அருகில் வளர்ந்த கறவைப் பசுக்களின் இரத்தத்தையும் பாலையும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்து 2005-ல் முடிவை வெளியிட்டனர். இரத்தத்தில் காரீயம் மிகும்போது பாலிலும் அது இறங்குகிறது என்று கண்டனர். செதிலைக் கொத்தித் தின்னும் கோழியின் முட்டையிலும் காரீயம் சேரும். ஆகையால் கட்டுத்தறியில் உதிர்ந்த வர்ணம் சுற்றிச் சுழன்று வீட்டின் உணவையே வந்தடைய வழியுண்டு.

அடுப்பும் சாம்பலும்

நெருப்பு எல்லாவற்றையும் சுத்தப்படுத்தும் என்ற நம்பிக்கை இவ்விடத்தில் பொருந்தாது. மரம் எரியும்; எண்ணெய் எரியும்; காரீயம் உலோகமாகையால் அழிவதில்லை. ஒரு பகுதி புகையுடன் நுண்ணிய தூசியாகக் கிளம்பி மூச்சில் கலக்கும். மற்றது சாம்பலில் தங்கும். 1932-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில், பொருளாதார நெருக்கடியால் விறகு வாங்க இயலாத ஏழைக் குடும்பத்தார் பழைய பாட்டரிப் பெட்டிகளை அடுப்பிலிட்டு எரித்தனர். அவ்வீட்டுக் குழந்தைகள் பலர் காரீய நஞ்சுக்கு ஆளாயினர். பாட்டரிப் பெட்டியானாலும் வர்ணம் பூசிய கதவானாலும் எரியும்போது நடப்பது ஒன்றே.

நமது கிராமங்களில் சாம்பல் வீணாவதில்லை. பாத்திரம் துலக்கவும், கீரைப் பாத்தியில் தூவவும், கத்தரிச் செடியின்மேல் பூச்சிக்கு இறைக்கவும், கட்டுத்தறியின் ஈரத்தை உறிஞ்சவும், எருக்குழியில் கொட்டவும் பயன்படுகிறது. நல்ல விறகின் சாம்பலாயின் இவை யாவும் மெச்சத்தக்க வழக்கங்கள். வர்ணம் பூசிய பலகையின் சாம்பலாயின், அவ்வொவ்வொரு வழக்கமும் நஞ்சை வீட்டின் வேறொரு மூலைக்குக் கொண்டு சேர்க்கும். மண்ணில் விழுந்த காரீயம் மழையில் கரைந்து போவதுமில்லை. மேல் மண்ணிலேயே பல தலைமுறைகள் நிற்கும். ஆகவே வர்ணம் பூசிய எந்த மரமும் சமையல் அடுப்புக்கும், வெந்நீர் அடுப்புக்கும், குளிர்காயும் தீக்கும் உதவாது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வாறு அறிவது

கண்ணால் பார்த்து வர்ணத்தில் காரீயம் உண்டா இல்லையா என்று துணிய இயலாது. பரிசோதனைக்கூடத்தில் கதிர்க் கருவியாலோ, செதிலைக் கரைத்தோ அளவு காண்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் அதற்குச் செலவிடுதல் கூடாத காரியம். எளிய வழி ஒன்றுண்டு. 2017 நவம்பருக்கு முன் எனாமல் பூசிய சாமான் எதுவாயினும் அதில் காரீயம் உண்டென்றே கொண்டு நடப்பது நன்று. பூசிய காலம் தெரியாததையும் அப்படியே கொள்க. வர்ணம் பல அடுக்காகத் தடித்திருப்பதும், முதலைத் தோல்போல் கட்டம் கட்டமாக வெடித்திருப்பதும் பழமையின் அடையாளங்கள். மேலே புது வர்ணம் இருப்பினும் அடியில் பழையது உள்ளதை மறத்தலாகாது.

கையாளும் முறை

முதல் விதி, உறுதியாக ஒட்டியிருக்கும் வர்ணத்தைத் தொடாதிருத்தல். மரத்தின்மேல் வெடிப்பின்றிப் பற்றியிருக்கும் வர்ணத்தால் பெரும்பாலும் தீங்கு நேருவதில்லை. அதனை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு, அதன்மேலேயே காரீயமில்லாத புது வர்ணத்தை இரு முறை பூசினால் பழையது உள்ளே அடங்கிவிடும். இது செலவும் குறைந்த முறை. அடிக்கடி உராயும் கதவின் விளிம்பும், ஜன்னல் சட்டமும் மட்டும் மீண்டும் பொடியாகாவண்ணம் இழைப்பின்றித் தாழ்ப்பாளையும் கீலையும் சரிசெய்து, உராய்வை நீக்க வேண்டும்.

இரண்டாவது, குழந்தை வாயில் வைக்கும் சாமான்களை அடியோடு உபயோகத்திலிருந்து நீக்குதல். தலைமுறை தலைமுறையாக வந்த தொட்டிலையும் நடைவண்டியையும் விட மனம் வராது. அவற்றை எறிய வேண்டியதில்லை. ஈரத்துணியால் துடைத்து, பாலிதீன் தாளில் சுற்றிப் பரணில் வைத்துக்கொள்ளலாம். சிசுவைப் படுக்கவைக்கச் சேலைத் தூரியே போதும். உட்புறம் வர்ணம் பூசிய பெட்டியில் தானியமோ, மாவோ, மாட்டுத் தீவனமோ வைக்கலாகாது. பழைய கதவைப் படுக்கப்போட்டுத் தீவனத் தொட்டியாக்குவதும், அதன்மேல் மிளகாயோ வடகமோ உலர்த்துவதும் விலக்கத்தக்கவை.

மூன்றாவது, வர்ணம் உதிர்ந்து, பூசியே ஆகவேண்டிய நிலையில் இருந்தால் ஈரமுறையைக் கைக்கொள்ளுதல். அதன் படிகள் வருமாறு:

(1) காற்றில்லாத நாளைத் தெரிந்துகொள்க. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக் காற்று இப்பகுதியில் வலியது; அக்காற்றை நம்பியே இங்குக் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் இவ்வேலையைத் தொடங்கலாகாது. மார்கழியின் காலைப்பொழுது ஏற்றது.

(2) குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடியும்வரை அவ்விடத்தை அணுகலாகாது. கோழியையும் கன்றையும் அப்பால் கட்டுக. கிணறு, தண்ணீர்த் தொட்டி, கீரைப் பாத்தி ஆகியவற்றுக்கு அருகில் வேலை செய்யற்க.

(3) கழற்றக்கூடிய கதவை வெளியே எடுத்து, கெட்டியான பாலிதீன் விரிப்பின்மேல் கிடத்துக. கழற்ற இயலாததாயின் தரையில் ஆறடி அகலம் விரிப்பைப் பரப்பி, விளிம்புகளைக் கல் வைத்து நிறுத்துக.

(4) சோப்பு நீரைத் தெளித்து வர்ணத்தை நன்றாக நனைத்து, உதிரும் பகுதியை மட்டும் தகட்டால் வழித்தெடுக்க வேண்டும். தேய்க்க வேண்டியிருந்தால் உப்புத்தாளை விட்டு, வாட்டர் பேப்பர் என்று கடைகளில் விற்கும் தாளை நீரில் தோய்த்துத் தேய்க்க. உலர உலர மீண்டும் நீர் தெளிக்க. மின்சாரப் பொத்தான் உள்ள சுவரருகில் முதலில் மின்சாரத்தை நிறுத்திக்கொள்க.

(5) மின்சாரத் தேய்ப்புக் கருவியும், தீ ஜ்வாலையால் கருக்கும் விளக்கும் வேண்டவே வேண்டாம். முன்னது நுண்தூசியை வீடெங்கும் பரப்பும். பின்னது காரீயப் புகையை எழுப்பும்.

(6) மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. என் 95 என்று குறியிட்ட முகமூடியாவது அணிதல் வேண்டும். வேலையின் நடுவில் வெற்றிலை, பீடி, தின்பண்டம் ஆகாது. கூலிக்கு வரும் பெயிண்டர்களுக்கும் முகமூடி வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் கடமை.

(7) முடிந்ததும் விரிப்பைத் துடைப்பத்தால் பெருக்காமல், செதில்களை உள்வைத்து மடித்துக் கட்டுக. தரையை ஈரத்துணியால் இருமுறை துடைத்து, துணியையும் அதனுடன் சேர்த்துக் கட்டிவிடுக. வேலை செய்தவர் தலை முழுகி, உடுப்பைத் தனியே துவைத்த பின்னரே குழந்தையைத் தூக்குதல் வேண்டும்.

கழிவை ஒப்புவித்தல்

கட்டிய மூட்டையையும், பழைய வர்ண டப்பாக்களையும் எருக்குழியிலும் ஓடையிலும் அமராவதிக் கரையிலும் எறிதல் பெருந் தீங்கு. 2016-ம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள் வர்ண டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவு என்று வகுத்து, மற்றக் குப்பையுடன் கலவாமல் தனியே ஒப்படைக்கச் சொல்லின. ஆகவே அவற்றை மூடியுள்ள டப்பா ஒன்றிலிட்டு, மேலே எழுதி, நகராட்சியாரிடமோ ஊராட்சியாரிடமோ தனியே கொடுக்க வேண்டும். எடுத்துச் செல்லும் வரையில் மாடும் குழந்தையும் எட்டாத உயரத்தில் வைத்திருக்க வேண்டும்.

புது வர்ணம் வாங்கும்போது

காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படவில்லை என்ற வாசகம் டப்பாவின்மேல் அச்சிட்டிருத்தல் வேண்டும் என்பது 2016-ம் வருஷத்து விதி. அவ்வாசகமில்லாத டப்பாவையும், சில்லறையாகப் பிரித்து விற்கும் வர்ணத்தையும் வாங்கலாகாது. அவ்விதி வீட்டு வர்ணத்துக்கும் அலங்கார வர்ணத்துக்குமே இயற்றப்பட்டது. தொழிற்சாலைகளுக்கென்று செய்யும் வர்ணத்தை அது கட்டுப்படுத்தவில்லை. யந்திரத்துக்கு வாங்கிய வர்ணம் மீந்துவிட்டது என்று தொட்டிலுக்கோ, கட்டுத்தறிக்கோ பூசிவிடலாகாது. இரும்புக்கு அடிப்பூச்சாகப் பூசும் சிவப்பில், இரும்புத் துருவால் ஆனதும் காரீயத்தால் ஆனதும் ஒரே நிறமாகத் தோன்றுமாகையால் வாசகத்தைப் படித்தே வாங்க வேண்டும்.

பட்டிப் பொங்கலன்று கொம்புக்கு எனாமல் தீட்டுவதும் இங்கே நினைவுகூரத் தக்கது. அருகருகே நிற்கும் மாடுகள் ஒன்றையொன்று நக்கும். உலர்ந்த வர்ணம் செதிலாகத் தீவனத்தில் விழும். காவியும், மஞ்சளும், சுண்ணாம்பும் அழகுக்குக் குறைவானவை அல்ல. அவற்றில் இவ்வச்சமும் இல்லை.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

இவ்விஷயத்தில் ஒரு குடும்பத்தின் ஜாக்கிரதை அவ்வீட்டை மட்டும் காக்கும். அங்கன்வாடியும் பள்ளிக்கூடமும் ஊர்க் குழந்தைகள் எல்லோரும் கூடும் இடங்களாகையால் அதிகாரிகளின் கவனம் அங்குத் தேவை. விடுமுறையில் பெஞ்சு, ஜன்னல், ஊஞ்சல், சறுக்கு முதலியவற்றுக்கு வர்ணம் பூசும் வேலையை ஒப்பந்தம் விடும்போது, உலர்ந்த நிலையில் சுரண்டலாகாது, காரீய வரம்பு அச்சிட்ட வர்ணமே பூச வேண்டும், வேலை முடிந்து ஈரத்தால் துடைத்த பின்னரே குழந்தைகளை விடவேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். இதற்குத் தனிச் செலவு மிகுதியாக இல்லை. பழைய கட்டிடத்தை இடிக்கும்போது கதவையும் சட்டத்தையும் விறகென்று ஏலம் விடுவதை நிறுத்தி, சாமானாகவே விற்கலாம். வாங்குபவருக்கு எரிக்கலாகாது என்பதையும் அறிவிக்கலாம். கிராம சபையில் இதனை ஒருமுறை படித்துக் காட்டினால் ஊராருக்குத் தெரிந்துவிடும்.

சந்தேகம் தோன்றினால்

வீட்டில் அண்மையில் பழைய வர்ணம் சுரண்டியிருந்தாலோ, குழந்தை செதிலைத் தின்றது தெரிந்தாலோ, காரணமின்றிச் சோகையும் வயிற்றுவலியும் மலச்சிக்கலும் காணப்பட்டாலோ அரசினர் ஆஸ்பத்திரி வைத்தியரிடம் காட்டி, காரீயத்துக்கென இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். முதல் சிகிச்சை, நஞ்சு வரும் வழியை அடைப்பதே. அளவு மிகுந்தால் வைத்தியசாலையில் வேறு மருந்து தருவார்கள். தாமாக மருந்து வாங்கலாகாது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் காரீயத்தை மிகுதியாக ஏற்கும். ஆகையால் ராகிக் களி, முருங்கைக் கீரை, பால், மோர் ஆகியவற்றைக் குழந்தைகளுக்கு வேளை தவறாது அளிப்பதும், உண்ணுமுன் கைகழுவப் பழக்குவதும் துணைசெய்யும். இவை காவலுக்குத் துணையேயன்றி, காவலுக்கு ஈடாகா.

பழைய வர்ணத்தைச் சுரண்டாமல் மூடுக; மூட இயலாததை நனைத்தே எடுக்க; எடுத்ததையும், வர்ணம் பூசிய பலகையையும் அடுப்பில் இடற்க. இம்மூன்றும் ஒரு மணங்கு விறகையும், ஒரு நாள் கூலியையும் மிச்சம் பிடிக்கும் ஆசையை மட்டுமே விடச் சொல்கின்றன. அதற்கு மாறாகக் காக்கப்படுவது வீட்டுப் பிள்ளையின் அறிவும், கட்டுத்தறியில் நிற்கும் கன்றின் உயிரும் ஆகும். வருகிற பொங்கலுக்கு வர்ண வேலை தொடங்குவோர் உப்புத்தாளை எடுக்குமுன் ஒரு வாளி நீரை அருகில் வைத்துக்கொள்வார்களாக.